பிஎஸ்சி நர்சிங் முடித்தவருக்கு வடசென்னையில் முதல் சம்பளம்: மூன்று அழைப்புகள், எதை எடுப்பது?

வியாசை மகள்:

இந்த ஆண்டு பிஎஸ்சி நர்சிங் முடித்தேன். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவும் ஆகிவிட்டது. மூன்று மருத்துவமனைகளில் நேர்காணலுக்குப் போனேன், மூன்றிலும் வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் இந்த வேலைக்குப் போகும் முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டில் யாரிடமும் யோசனை கேட்க முடியவில்லை.

முதலாவது, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய 30 படுக்கை நர்சிங் ஹோம். மாதம் 13,000 ரூபாய், ரொக்கமாகக் கையில் தருவார்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எதுவும் இல்லை.

இரண்டாவது, பெரம்பூர் பக்கம் 120 படுக்கை மருத்துவமனை. கடிதத்தில் ஆண்டுக்கு 2,40,000 என்று போட்டிருக்கிறது. ஐசியூவில் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு ஆண்டு பாண்டு எழுதித் தரவேண்டும், அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும், நடுவில் விலகினால் 50,000 கட்ட வேண்டும்.

மூன்றாவது, நகரின் தென்கோடியில் ஒரு பெரிய மருத்துவமனை. மாதம் 22,000. விடுதியும் சாப்பாடும் அவர்களே தருவார்கள், அதற்கு 5,500 பிடித்தம்.

அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. கல்விக் கடனுக்கு மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் தவணை வரும் என்று வங்கியில் சொன்னார்கள். அரசு வேலைக்கும் படிக்க ஆசை. இத்துறையில் இருக்கும் அக்காமார்கள், அண்ணன்மார்கள் வழி சொல்லுங்கள்.

கொடுங்கையூர்க்காரி:

13,000 ரூபாய்க்குப் போகாதீர்கள். அவ்வளவுதான் சொல்வேன். நான்கு ஆண்டு படித்துப் பதிவு பெற்ற செவிலியருக்கு அது கூலி அல்ல.

இரவுப்பணி, பெரம்பூர்:

தங்கை, முதலில் அந்த 2,40,000-ஐப் பிரித்துப் பார்க்கலாம். புதிதாக வருகிறவர்கள் அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 20,000 கைக்கு வரும் என்று கணக்குப் போட்டு வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அது நிறுவனத்துக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு. உங்களுக்காக நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, இ.எஸ்.ஐ. பங்கு, ஐந்து ஆண்டு முடித்தால் மட்டும் கிடைக்கும் பணிக்கொடை எல்லாம் அதற்குள் அடக்கம்.

அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், அதாவது 1,200. பணிக்கொடைக்கு ஒதுக்குவது 481. இ.எஸ்.ஐ.க்கு மொத்தச் சம்பளத்தில் 3.25 சதவீதம். இவை போக உங்கள் பெயரில் நிற்கும் மாதச் சம்பளம் ஏறத்தாழ 17,700. அதிலிருந்து உங்கள் பி.எஃப். பங்கு 1,200, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் போகும். கையில் வருவது 16,400 அளவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி வேறு.

மூன்றாவது இடத்தையும் இப்படியே பாருங்கள். 22,000 என்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகையாக இருந்தால், அடிப்படை 11,000 என்று வைத்து பி.எஃப். 1,320, விடுதிக்கு 5,500 போக மிஞ்சுவது 15,200-க்குள். இன்னொன்றும் உண்டு. இ.எஸ்.ஐ. வரம்பு 21,000. அதற்குக் கணக்கில் எடுக்கும் சம்பளம் அதைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது. அப்படியானால் உங்களுக்குக் குழுக் காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேட்க வேண்டும். ஊரைக் கடந்து போய்த் தங்கி வேலை செய்தும், வீட்டிலிருந்து பெரம்பூர் போவதைவிடக் குறைவாகத்தான் சேமிப்பீர்கள். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் பெரிதாக இருக்காது.

என் தேர்வு இரண்டாவது இடம். காரணம் ஐசியூ. வென்டிலேட்டர், இன்ஃபியூஷன் பம்ப், ரத்த வாயுப் பரிசோதனை, இதயத்துடிப்பு நின்றவருக்கான ‘கோட் புளூ’ அவசர அழைப்பு என்று ஐசியூவில் கையாலேயே செய்து கற்பது பிறகு எந்த ஊருக்குப் போனாலும் கூட வரும். 30 படுக்கை இடத்தில் ஊசி போட்டு, டிரிப் மாற்றி, டிஸ்சார்ஜ் சம்மரி தூக்கிக்கொண்டு பில் கவுண்டருக்கு ஓடுவதிலேயே பொழுது போய்விடும். ஆனால் அந்தப் பாண்டும் அசல் சான்றிதழும் எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ராயபுரம் சிஸ்டர்:

மகளே, நான் அரசுப் பணியில் இருக்கிறேன். சான்றிதழ் விஷயத்தில் இரவுப்பணி மென்மையாகச் சொல்லிவிட்டார், நான் அழுத்திச் சொல்கிறேன். அசலைக் கொடுக்காதே. சரிபார்க்க அவர்கள் கேட்கலாம், எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும். கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாளைக்கு மத்திய அரசுத் தேர்வில் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டால் உன் பட்டம் வேறொருவர் அலமாரியில் இருக்கக் கூடாது.

பாண்டுத் தொகைக்கும் பயப்படாதே. ஒப்பந்தத்தில் 50,000 என்று எழுதியிருப்பதாலேயே முழுத் தொகையும் கிடைத்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74-இன்படி அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான ஈட்டைத்தான் நீதிமன்றம் தரமுடியும். அதற்காகக் கையெழுத்திட்டுவிட்டு மறுமாதம் ஓடு என்று சொல்லவில்லை. இரண்டு ஆண்டை ஓராண்டாகக் குறைக்கச் சொல்லிக் கேள்.

அரசு வேலை பற்றிக் கேட்டாய். இங்கே மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத்தான் வரவேண்டும். காலமுறை ஊதியத்தில் அடிப்படை 35,400-இல் தொடங்குகிறது. அகவிலைப்படி, வாடகைப்படி சேர்ந்தால் 55,000-ஐத் தாண்டும். ஆனால் நேராக அங்கே போய் உட்கார முடியாது. முதலில் தொகுப்பூதியம், அதாவது படிகள் இல்லாத ஒரே மாதத் தொகை. 2015-இல் தேர்வெழுதி வந்தவர்கள் மாதம் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். அது 14,000 ஆகி, பின்னர் 18,000 ஆனது. இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்போடு வந்தவர்களில் பலர் அதைவிட நெடுங்காலம் காத்திருந்தார்கள். காலியிடம் வரவர, பணிமூப்பு வரிசையில்தான் காலமுறை ஊதியத்துக்கு எடுப்பார்கள். கொரோனா காலத்தில் சேர்க்கப்பட்டவர்களில் 2,472 பேருக்கு 2022 டிசம்பர் 31-உடன் பணி முடிந்துவிட்டது என்று சொன்னபோது, அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடியதை ஊரே பார்த்தது. பெருந்தொற்று வார்டில் கவச உடைக்குள் வியர்த்து நின்ற பிள்ளைகள் அவர்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது.

ஆகவே அரசுத் தேர்வுக்குப் படி. ஆனால் அதை மட்டும் நம்பி வீட்டில் உட்காராதே.

எண்ணூர் சகோதரன்:

பெண்களுக்கே இந்த நிலை என்றால் ஆண் செவிலியர் நிலையையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்சிங் ஆபீசர் பணியிடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு. தனியாரில் வார்டுக்கு எங்களை எடுக்கவே தயங்குவார்கள். டயாலிசிஸ், காஷுவாலிட்டி, அறுவை அரங்கு, இதயக் குழாய்ச் சோதனை நடக்கும் கேத் லேப் என்று தேடித்தான் போகவேண்டும். 108 ஆம்புலன்ஸிலும் பிஎஸ்சி நர்சிங் படித்தவர்கள் அவசரகால மருத்துவ உதவியாளராகச் சேர்கிறார்கள்.

வடசென்னையில் இருப்பவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு வாசல் உண்டு. மணலி, எண்ணூர் தொழிற்சாலைகள். சட்டப்படி 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் முதலுதவி அறை இருக்க வேண்டும், அதற்கு மருத்துவரும் செவிலியரும் பொறுப்பாக இருக்க வேண்டும். நான் அப்படியோர் ஆலையில் ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்கிறேன். தீக்காயம், கண்ணில் ரசாயனம், வெயிலில் மயக்கம், கேட்புத்திறன் சோதனை என்று வேலை வேறு மாதிரி. சம்பளம் சிறு மருத்துவமனையைவிடப் பரவாயில்லை. ஆனால் தங்கைக்கு இப்போது அதைச் சொல்ல மாட்டேன். முதலிலேயே ஆலைக்குள் போனால் படுக்கையோரப் பழக்கம் கைவராது, பிறகு மருத்துவமனைக்குத் திரும்புவது கடினம்.

நர்சிங் ஹோம் நிர்வாகி:

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். நான் கொளத்தூர் பக்கம் சிறிய மருத்துவமனை ஒன்றை நிர்வகிக்கிறேன். எங்களுக்கு வருகிற நோயாளிகள் ஆட்டோ ஓட்டுநர்கள், மீன் விற்கும் பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள். படுக்கைக் கட்டணத்தை நூறு ரூபாய் ஏற்றினாலும் அவர்களுக்குத் தாங்காது. காப்பீட்டுப் பணம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். புதிதாகப் படித்து வந்த பிள்ளைக்கு ஐவி கேனுலா போடுவதிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். கை தேர்ந்ததும் பெரிய மருத்துவமனைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறார்கள். பாண்டு கேட்பது கொடுமைப்படுத்த அல்ல, வார்டை நடத்துவதற்காக. 13,000 குறைவுதான், மறுக்கவில்லை. அதற்கு மேல் கொடுத்தால் நோயாளியின் பில்லில்தான் அதை ஏற்ற வேண்டும்.

கொடுங்கையூர்க்காரி:

ஐயா, நோயாளி ஏழை என்பது உண்மை. அந்த ஏழ்மையின் பாரத்தை ஏன் செவிலியர் ஒருவர் மட்டும் சுமக்க வேண்டும்? மருந்துக் கடை வாடகையும் ஸ்கேன் இயந்திரத்தின் தவணையும் நோயாளி ஏழை என்பதற்காகக் குறைவதில்லையே.

இன்னொன்று. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் பி.எஃப். கட்டியாக வேண்டும். இ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர் போதும். 30 படுக்கை நடத்த மூன்று ஷிஃப்டுக்குச் செவிலியர், ஆயா, லேப், மருந்தகம், வரவேற்பு, காவலாளி எல்லாம் சேர்த்து எத்தனை பேர் வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். கையில் ரொக்கமாகக் கொடுத்து அந்த இரண்டையும் மிச்சப்படுத்துவது அந்தப் பெண்ணின் முதுமையிலிருந்து எடுக்கும் பணம். ஒரு நாள் ஊசி குத்தி ஹெபடைடிஸ் பி வந்தால் அவளுக்கு யார் செலவு செய்வது?

“அனுபவம் கிடைக்கிறது அல்லவா” என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கும் வழக்கம் நிற்க வேண்டும். இரவு டூட்டியில் பதினைந்து நோயாளிகளை ஒரே ஆளாகப் பார்ப்பவள் பயிற்சியா பெறுகிறாள்? மருத்துவமனையையே அவள்தான் தாங்கி நிற்கிறாள்.

ராயபுரம் சிஸ்டர்:

நியாயமான சம்பளம் எது என்பதற்கு நாம் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்படி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவின் பரிந்துரை தெளிவானது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அந்த மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100 முதல் 200 வரை என்றால் அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்கும் கீழே எவ்வளவு சிறிய இடமானாலும் 20,000-க்குக் குறையக் கூடாது. இது 2016-இன் விலைவாசியில் சொன்னது. கேரளத்தில் செவிலியர் சங்கமாகத் திரண்டு போராடியதால் 2018-இல் அந்த அரசு அடிப்படை 20,000 என்று அறிவித்தது. அங்கே நடந்தது இங்கே நடக்கக் கூடாதா?

நிர்வாகி ஐயாவின் சிரமத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசையில் வைத்தால் வியாசை மகளுக்கு வந்த மூன்று அழைப்புகளுமே கீழேதான் நிற்கின்றன. அவள் கெஞ்ச வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சவூதியிலிருந்து திரும்பியவள்:

வெளிநாடு போகும் எண்ணம் இன்றைக்கு இல்லாவிட்டாலும் இதைப் படித்து வையுங்கள். வளைகுடாவுக்கான உரிமத் தேர்வுக்கு முன்னால் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு உண்டு. நீங்கள் வேலை செய்த மருத்துவமனைக்கே எழுதி, இந்தப் பெயரில் இந்த நாள் முதல் இந்த நாள் வரை இந்தப் பதவியில் ஒருவர் இருந்தாரா என்று கேட்பார்கள். அங்கிருந்து பதில் வராவிட்டால் உங்கள் அனுபவம் இல்லாததாகிவிடும். சிறிய இடங்கள் கைமாறும், பெயர் மாறும், மூடிவிடுவார்கள். ரொக்கச் சம்பளம் என்றால் வங்கிக் கணக்கிலும் தடயம் இருக்காது.

பணியமர்த்தல் கடிதத்தில் பதவியின் பெயரைப் பாருங்கள். ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று இருக்க வேண்டும். ‘ட்ரெய்னி’ என்று போட்டு ஓராண்டு ஓட்டுவார்கள், அந்த ஓராண்டு பிறகு கணக்கில் வராது. அனுபவச் சான்றில் மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, நீங்கள் இருந்த வார்டு, சேர்ந்த நாள், விலகிய நாள் நான்கும் வேண்டும்.

இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு மொழி பி2 நிலை என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாசற்படி. எதற்கும் முன்னால் முகவரிடம் பணம் கட்டிவிடாதீர்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மீதான ஜி.எஸ்.டி.யும்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியரைத் தானே தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. அங்கே விசாரித்துவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள்.

வியாசை மகள்:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அப்பாவுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். ரொக்கச் சம்பளம் என்ற இடத்தை அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

இரண்டு கேள்விகள். நேராக ஐசியூவில் போட்டால் எனக்குத் தாங்குமா? கல்லூரியிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போனபோது தீவிர சிகிச்சைப் பிரிவைப் பார்த்ததோடு சரி. இரண்டாவது, எய்ம்ஸ் தேர்வுக்கும் ரயில்வே தேர்வுக்கும் அனுபவம் கேட்பார்களா?

இரவுப்பணி, பெரம்பூர்:

தாங்கும். ஆனால் அவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். முதல் சில வாரங்கள் மூத்தவர் ஒருவரோடு சேர்த்துப் போடுவார்களா, எத்தனை நாளில் தனியாக நோயாளியைத் தருவார்கள், ஒரு செவிலியருக்கு எத்தனை படுக்கை. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒருவர் என்பதுதான் முறை. புதியவரிடம் மூன்று வென்டிலேட்டர் நோயாளிகளைக் கொடுப்பார்கள் என்று தெரிந்தால் அந்த ஐசியூ வேண்டாம், வார்டிலேயே தொடங்குங்கள். இதைக் கேட்பதால் வேலை போய்விடாது. பதில் சொல்லத் திணறினால் உங்களுக்கு வேண்டிய தகவல் அதிலேயே கிடைத்துவிடும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இலவசமாகப் போடுவார்களா, ஊசி குத்திவிட்டால் என்ன நடைமுறை, இரவு எட்டு மணிக்கு டூட்டி முடிந்தால் வண்டி விடுவார்களா என்றும் கேளுங்கள். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிக்கு வீடு திரும்புவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வு விஷயம். எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்கு பிஎஸ்சி முடித்துப் பதிவு பெற்றிருந்தால் போதும், அனுபவம் தேவையில்லை. டிப்ளமா படித்தவர்களுக்குத்தான் 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். வயது உச்சவரம்பு 30, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம். தொடக்க அடிப்படை 44,900. இந்தியாவில் எந்த ஊரில் போட்டாலும் போகத் தயாராக இருக்க வேண்டும். ரயில்வேயில் நர்சிங் சூப்பரிண்டெண்ட் பணிக்கும் அதே 44,900 நிலைதான். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை நம் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் அதன் வழியாக ஆள் எடுப்பதில்லை. ரயில்வே தேர்வு வாரிய அறிவிப்பை எதிர்பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். அது ஆண்டுதோறும் வருவதில்லை, வரும்போது விட்டுவிடக் கூடாது.

ராயபுரம் சிஸ்டர்:

மாநிலத் தேர்வுக்குப் படிக்கும்போது தமிழ்த் தகுதித் தாளை மறந்துவிடாதே மகளே. பத்தாம் வகுப்புத் தரம்தான். ஆனால் அதில் தேறாவிட்டால் நர்சிங் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் அதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள்.

கல்விக் கடனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் திட்டத்தில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது. உன் கடன் ஆவணத்தில் என்ன நாள் போட்டிருக்கிறது என்று பார். தவணை தொடங்கும் முன்பே கையில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டிக்குக் கட்டிவந்தால் பின்னால் தவணைத் தொகை குறையும்.

நர்சிங் ஹோம் நிர்வாகி:

பி.எஃப். பற்றிச் சகோதரி சொன்னது சட்டப்படி சரி. எங்கள் இடத்தில் கட்டுகிறோம். கட்டாத இடங்கள் இருப்பதும் உண்மை. சம்பளத்தைப் பற்றி உரிமையாளரான மருத்துவரிடம் அந்தப் பரிந்துரையைக் காட்டிப் பேசுகிறேன். இந்தத் தங்கைக்கு நானும் 120 படுக்கை இடத்தைத்தான் சொல்வேன்.

வியாசை மகள்:

இன்று பெரம்பூர் போய்வந்தேன். மனிதவள அலுவலர் முதலில் “எல்லோரும் அசலைத் தந்துவிட்டுத்தான் சேருகிறார்கள்” என்றார். குழுமப் பதிவையும் பட்டச் சான்றையும் எதிரிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள், நகல் தருகிறேன், அசலைத் தர இயலாது என்று சொன்னேன். நர்சிங் கண்காணிப்பாளரை அழைத்தார்கள். அந்த அம்மா ஐசியூவில் ஆள் தேவை என்றதும் ஒப்புக்கொண்டார்கள். பாண்டு ஓராண்டு, தொகை 20,000 என்று மாற்றிப் புதிய கடிதம் தருகிறார்கள். பதவி ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்றே இருக்கும். முதல் இரண்டு மாதம் மூத்த சிஸ்டரோடு. அதன்பின் வென்டிலேட்டர் நோயாளி என்றால் ஒருவர், மற்றபடி இருவர். சம்பளத்தை ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை என்று வாயால் சொன்னார்கள், கடிதத்தில் எழுதக் கேட்டிருக்கிறேன்.

கொடுங்கையூர்க்காரி:

அந்த ஆறு மாத வரி கடிதத்தில் வராமல் கையெழுத்துப் போடாதே. சேர்ந்ததும் உன் பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, பணம் உண்மையில் விழுகிறதா என்று மாதாமாதம் பார். அங்கே உன்னோடு சேருகிற மற்ற பிள்ளைகளிடமும் அசலைத் தரவேண்டியதில்லை என்று சொல். உனக்கு ஒப்புக்கொண்டதை அவர்களுக்கு மறுக்க முடியாது.